வாடகை வீட்டின் வாயிற்படி



தமக்குச் சொந்தமான வீட்டைப் பிறர்க்கு வாடகைக்கு விட்ட ஒருவர், அவ்வீட்டினுள் தாம் நினைத்த போதெல்லாம் சென்று பார்வையிடலாமா? ‘அவருடைய வீடு, அவர் பார்ப்பதில் என்ன குற்றம்?’ என்று கேட்போர் நம்மிடையே பலர் உளர். சிறு செய்தி போலத் தோன்றும் இவ்வினா, இல்லறத்தார்க்குரிய அறத்தின் அடிப்படையையே தொடுகிறது என்பது என் கருத்து. அதனை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பிறந்து, கல்வியின் பொருட்டும் பணியின் பொருட்டும் நகரங்களுக்குப் பெயர்ந்தவர்கள் நம்மவருள் பலர். முதலில் ஓர் அறையிலோ ஒண்டுக்குடித்தனத்திலோ வாழ்ந்தோம். பின்னர்ச் சிறுகச் சிறுகச் சேமித்து வீடு கட்டினோம். மாடியை வாடகைக்கு விட்டோம். ஆகவே குடியிருப்போர் நிலை, வீட்டுக்காரர் நிலை ஆகிய இரண்டையும் ஒரே ஆயுளில் கண்ட தலைமுறை நம்முடையது. எனினும் இரண்டாம் நிலையை அடைந்ததும் முதல் நிலையை மறந்து விடுகிறோம். நானும் மறந்தவள்தான்.

ஆசிரியப் பயிற்சி முடித்து, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் முதற்பணி ஏற்றபோது, ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்குத் தங்கியிருந்தேன். வீட்டுக்கார அம்மையார் கொடியவர் அல்லர். பண்டிகை நாள்களில் பலகாரம் கொடுத்தனுப்புவார். ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் விளக்கெரிந்தால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து விடுவார். சுவரில் ஆணி அடித்திருக்கிறேனா, தண்ணீர் எத்தனை குடம் பிடித்திருக்கிறேன் என்று பார்ப்பார். மாணவர்களின் பயிற்சி ஏடுகளைத் திருத்திக்கொண்டிருக்கும் போது காலடி ஓசை கேட்டால், ஒரு பிழையும் செய்யாத நான், பிழை செய்தவளைப் போல எழுந்து நிற்பேன். மாதம் பிறந்ததும் வாடகை கொடுத்தேன்; ஆயினும் அவ்வறை ஒரு நாளும் என் வீடாக இருந்ததில்லை.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. ஓய்வுக்குப் பின் கட்டிய எங்கள் வீட்டின் மாடியில் ஒரு குடும்பம் குடிவந்தது. கணவன், மனைவி, பள்ளி செல்லும் பெண், வயது முதிர்ந்த மாமியார் என நால்வர். புலால் சமைக்கக் கூடாது என்னும் நிபந்தனையை முன்னரே கூறினோம், அவர்களும் இசைந்தனர். இசைந்தவர்களை நம்பியிருக்க வேண்டும். நானோ வாரம் ஒருமுறை மாடிக்குச் சென்றேன். ‘குழாய் சொட்டுகிறதா?’, ‘மழைநீர் இறங்குகிறதா?’ என்று கேட்டுக்கொண்டே நுழைவேன். வாய் குழாயைப் பற்றிப் பேசும்; கண்ணும் மூக்கும் அடுப்படியில் இருக்கும்.

ஒரு மாலை, திறந்திருந்த கதவருகே குரல் கொடுத்துவிட்டு, மறுமொழிக்குக் காத்திராமல் உள்ளே சென்றேன். படுத்திருந்த மூதாட்டி என்னைக் கண்டதும் சேலையைச் சரிசெய்துகொண்டு சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்தார். மருமகள் அடுப்படியிலிருந்து வந்தாள். என்னை ஒரு கணம் பார்த்தாள். பின்னர் உள்ளே சென்று, அடுப்பின் மேலும் மேடையின் மேலும் இருந்த பாத்திரங்களின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தாள். “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், டீச்சரம்மா. கத்தரிக்காய்க் குழம்பும் ரசமும்தான்” என்றாள். அக்குரலில் சினமில்லை. சினந்திருந்தால் நான் ஏதேனும் விடை சொல்லித் தப்பியிருப்பேன். பின்கட்டு அறையில் எழுந்து நின்ற இளம் ஆசிரியையை அன்று அந்த மூதாட்டியின் உருவில் கண்டேன்.

அன்றிரவு என்னையே விசாரித்துக்கொண்டேன். கொல்லாமையைக் காப்பதாக எண்ணி மாடி ஏறினேன். குழாய் என்று சொல்லி அடுப்பைப் பார்த்தேனே, அது பொய்யாமைக்குப் பொருந்துமா? களவு என்பதற்கு நம் அறநூல்கள் கூறும் பொருள், கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளுதல் என்பதாகும். வாடகை பெற்றுக்கொண்டபோதே, அவ்வீட்டில் அச்சமின்றி வாழும் உரிமையை நான் அவர்களுக்குக் கொடுத்து விட்டேன். கொடுத்ததற்கு விலையும் பெற்றேன். பின்னர் வாரந்தோறும் சென்று அந்த அமைதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்தேன். அது அவர்கள் எனக்குக் கொடாதது. ஓர் அணுவிரதத்தைக் காக்கப் புறப்பட்டு இரண்டைத் தவறவிட்டேன். சந்தேகத்தினால் ஒரு குடும்பத்தின் மனத்தை வருத்தியதனால், காக்கப் புறப்பட்டதும் காக்கப்படவில்லை.

நாட்டின் சட்டமும் இவ்வாறே கூறுகிறது என்பதை நம்மில் பலர் அறியார். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இரு பக்கத்தையும் எடை பார்த்துப் பேசுகிறது. வாடகை செலுத்தி உடன்படிக்கைப்படி நடப்பவர், குத்தகைக் காலம் முழுவதும் இடையூறின்றி அவ்விடத்தை அனுபவிக்கலாம் என்பது ஒரு பக்கம். நியாயமான நேரங்களில் உரிமையாளர் வந்து கட்டடத்தின் நிலையைப் பார்வையிடக் குடியிருப்பவர் இடந்தர வேண்டும் என்பது மறுபக்கம். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கு மாற்றாக, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017ஆம் ஆண்டின் சட்டம் நகர்ப்புறங்களில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பழுதுபார்க்கவோ வீட்டின் நிலையைப் பார்வையிடவோ விரும்பும் உரிமையாளர், குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்னர் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பூசல் நேர்ந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துதல் கூடாது. வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்னும் மூன்று படிகளையும் அச்சட்டம் அமைத்துள்ளது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமித்துத் தீர்ப்பளித்ததும் இங்கு நினைவுகூரத்தக்கது. அத்தீர்ப்பு பெரிதும் அரசை நோக்கியதே எனினும், அதன் உட்பொருள் ஒவ்வொரு வாயிற்படிக்கும் பொருந்தும்.

ஆனால் ஒன்று கூற வேண்டும். 24 மணி நேர அறிவிப்பை வாரந்தோறும் எழுதிக் கொடுத்து, வாரந்தோறும் ஒருவர் நுழைய முற்பட்டால் என் செய்வது? சட்டம் வகுத்த வரம்பிற்குள் நின்றுகொண்டே பிறரை வருத்த வழியுண்டு. சட்டம் முடியும் அவ்விடத்தில்தான் மனச்சான்றின் வேலை தொடங்குகிறது.

நாம் போற்றி வணங்கும் முனிவர் பெருமக்கள் ஆகாரத்திற்கு எழுந்தருளும் முறையை நினைத்துப் பாருங்கள். இல்லத்தார் வாயிலில் நின்று எதிர்கொண்டு அழைத்தாலன்றி, அப்பெரியோர் எந்த வீட்டின் படியையும் மிதிப்பதில்லை. நாம் செய்யும் ஒன்பது உபசாரங்களில் எதிர்கொள்ளல் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பதன் கருத்தும் இதுவே. எல்லாவற்றையும் துறந்த பெரியோரே அழைப்பின்றி நுழையாத படியை, வாடகை வாங்கும் நாம் அழைப்பின்றிக் கடக்கலாமா?

‘வீடு பாழாகிவிட்டால் யார் பொறுப்பு?’ என்று வீட்டுக்காரர் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆயுட்கால சேமிப்பைச் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாற்றியவரின் கவலையை நான் எளிதாக எண்ணவில்லை. கசிவைக் கவனியாமல் விட்டால் சுவர் கெடும். மின்கம்பி பழுதானால் உயிருக்கே கேடு. தீயோ வெள்ளமோ நேர்ந்தால் எவரும் அறிவிப்பு எழுதிக்கொண்டிருக்கப் போவதில்லை. நான் மறுப்பது பார்வையிடுதலை அன்று. தேவையின்றி அடிக்கடி நுழைதலையும், காரணத்தை மறைத்து நுழைதலையுமே மறுக்கிறேன்.

இக்கவலைக்கு வழியுண்டு. குடிவரும் நாளன்றே விளக்கு, மின்விசிறி, குழாய், கதவு, சுவர் ஆகியவற்றின் நிலையை இருவரும் சேர்ந்து பார்த்து எழுதிக் கையொப்பமிடுக. ஆண்டிற்கு எத்தனை முறை பார்வையிடுவது என்பதையும் உடன்படிக்கையிலேயே சேர்த்துவிடுக. ஆறு திங்களுக்கு ஒருமுறை போதுமென்பது என் அனுபவம். செல்லும் நாளையும் நேரத்தையும் காரணத்தையும் உள்ளபடி தெரிவிக்க. பிள்ளைகளின் தேர்வு, வீட்டில் நோயாளி, விருந்தினர் வருகை என்று அவர்கள் வேறு நாள் கேட்டால் முகம் சுளிக்காமல் இசைக. பெண்கள் தனித்திருக்கும் நேரத்தில் ஆடவர் செல்லாதிருத்தல் நன்று. உணவு பற்றிய நிபந்தனை இருப்பின் அதை முன்னதாகவே வெளிப்படையாகக் கூறுக. கூறிய பின் நம்புக.

குடியிருப்போர்க்கும் கடமையுண்டு. பழுதை மறைக்காமல் உடனே தெரிவிப்பதும், உடன்பட்ட நிபந்தனையை வீட்டுக்காரர் பார்க்காத போதும் காப்பதும் அவர்தம் அறமாகும். வீட்டுக்காரரின் வருகை தொல்லையாக இருப்பின், மனத்திற்குள் புழுங்காமல் முதலில் இனிய சொல்லால் தெரிவிக்க. பயனில்லையெனில் எழுத்தில் தெரிவிக்க. அதன் பின்னரே சட்டத்தின் வாயிலை நாடுக.

மறுநாள் காலை நான் மாடிப்படியின் மேற்படியில் நின்று குரல் கொடுத்தேன். அம்மருமகள் வரும்வரை காத்திருந்து, நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் சற்றுநேரம் ஒன்றும் பேசாமல் நின்று, பின்னர் “உள்ளே வாருங்கள், டீச்சரம்மா” என்றாள். அத்தனை நாள்களில் அவ்வீட்டினுள் நான் அழைக்கப்பட்டுச் சென்றது அன்றுதான்.

நம் இல்லங்களில் குடியிருப்போர், நம் காலடி ஓசை கேட்டு அஞ்சி எழாதிருக்குமாறு நாம் நடந்துகொள்வோமாக.