செவியை அடைத்துக் கேட்பது அறமா?

தனித்திருந்து இசை கேட்பது குற்றமா என ஒருவர் வினவின், நம்மிற் பலர் நகைப்பர். பகலெல்லாம் உழைத்தவன் இரவில் சிறிது நேரம் தன் செவிக்கு விருந்தளித்தால் யாருக்கு என்ன நட்டம்? யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைக்கு அப்பால், ஒரு செம்பனைத் தோட்டத்தில் யாம் கிராணி வேலை பார்க்கிறோம். பகலிற் குலைக் கணக்கு. இரவில் ஈயம் பற்றவைக்கும் பொழுதுபோக்கு. அமெரிக்கரான சூ மோய் என்பார் 1990களின் இறுதியில் வெளியிட்ட வரைபடத்தைப் பின்பற்றி, ஹெட்போனுக்கு ஓர் ஆம்பிளிபயரை வீட்டிலேயே அமைத்தோம். மிட்டாய்த் தகரப்பெட்டி ஒன்று, 9 வோல்ட் மின்கலம் ஒன்று, நகத்தளவுச் சில்லு ஒன்று, மின்தடைகளும் மின்தேக்கிகளும் சில, இவ்வளவே பொருள். 10,000 ஓம் தடையை 1,000 ஓம் தடையால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 11 வரும். கைப்பேசியிலிருந்து வரும் மெலிந்த மின்குறி அத்தனை மடங்காகப் பெருகும். தம்புராவின் அடங்கிய நாதமும், பாடகர் மூச்சிழுக்கும் ஒலியும் அன்றுதான் எமக்குக் கேட்டன.

நிற்க. ஓரிரவு லயத்து மூதாட்டி ஒருவர், மலாய் மொழியில் வந்த கடிதமொன்றைப் படித்துச் சொல்லுமாறு வேண்டி எம் கதவைத் தட்டினார். இரு செவிகளும் மூடியிருந்தமையால் யாம் அறிந்திலோம். மறுநாட் பகலில் அலுவலகத்தில் அதைப் படித்தோம். கண் அறுவைக்கு அன்று காலை 8 மணிக்கு வரச்சொல்லியிருந்தது. நேரம் கடந்துவிட்டது. யாம் வருந்தினோம். அவரோ, "இருக்கட்டும் ஐயா. விளக்கு எரிஞ்சுது, தெறக்க மனசில்லைன்னு திரும்பிட்டேன்" என்றார். அக்குரலிற் சினமில்லை. கேட்டும் கேளாதிருப்பதே கிராணிமார் இயல்பென்று அவர் ரப்பர்க் காலந்தொட்டே கற்றிருந்தார். வேறு நாள் வாங்கித் தந்தோம். ஆயினும் மங்கிய கண்ணோடு அவர் இன்னுஞ் சில திங்கள் காத்திருந்தார்.

கருவியைப் பழிக்கலாமா? கூடாது. மலாயாவில் 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த ஜப்பானியர் ஆட்சியில், அயல்நாட்டு வானொலி கேட்பது தண்டனைக்குரிய செயல். பேராக்கிலுள்ள பாப்பான் என்னும் ஊரில் சிபில் கார்த்திகேசு அம்மையார் வானொலியை மறைத்துவைத்து இலண்டன் செய்தி கேட்டார்; 1943இல் சிறைப்பட்டு வதையுண்டார். அவரும் கதவடைத்தே கேட்டார். ஆனால் கேட்டதைப் பிறர்க்கு அறிவித்தார். ஆகவே குற்றம் கதவிலில்லை. எவர் குரல் வெளியே நிற்கிறதென்று எண்ணாமையிலேயே உளது.

தமிழில் 'கேள்' என்பது செவிமடுத்தலையும் வினவுதலையும் குறிக்கும், உறவையும் குறிக்கும். ஆங்கிலத்திற் கற்ற யாம் இதனைக் காலந்தாழ்த்தே உணர்ந்தோம்.

இன்றும் இசை கேட்கிறோம். கதவு திறந்திருக்கிறது, நாற்காலி வாயிலை நோக்கியிருக்கிறது. ஆனால் லயத்தார் ஒருவரும் இரவில் வருவதில்லை. பல்லாண்டுப் பழக்கம் ஒரு நாற்காலியால் மாறுமா? எனவே ஞாயிறுதோறும் யாமே லயத்திற்குச் சென்று கடிதம் படிக்கிறோம். படித்த அன்பர்கள் பிறரும் இதனைச் செய்யலாம்.