பங்கும் பங்கேற்பும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் சேலம், நாமக்கல் சமவெளியில் உள்ள நம் பங்குகளில் இளைஞர் நாள் பற்றிய பேச்சு எழத் தொடங்குகிறது. காலையில் திருப்பலி. பின்னர் ஆலயத் திடலில் கபடியும் கைப்பந்தும் கயிறு இழுத்தலும். நண்பகலில் பொதுப் பந்தி. மாலையில் இறைப்பாடல் போட்டி. விளக்கேற்றும் வேளையில் பரிசளிப்பு. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறைகளில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு உறங்காமலே வருகின்ற இளைஞர் உண்டு. கோழிப்பண்ணையிலும் சேகோ ஆலையிலும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகின்றவர் உண்டு. ஆண்டு முழுவதும் பாரம் சுமக்கும் தோள்கள் ஒருநாளேனும் விளையாட்டுக்காகத் தினவெடுப்பதைக் காண்பது இனிய காட்சியே.

ஆயினும் இந்த இனிய நாளினுள் ஒரு கேள்வி மறைந்திருக்கிறது. இறைவன் பெயரால் கூடுகின்ற பிள்ளைகளை முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்று வரிசைப்படுத்துவது முறைதானா? அவனைப் புகழ்ந்து பாடும் பாட்டுக்கு மதிப்பெண் இடலாமா? "இதுவும் ஒரு கேள்வியா?" என்று சிலர் நகைக்கக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நகைத்திருப்போம். நம் கையாலேயே நேர்ந்த ஒன்று அந்த நகைப்பை நிறுத்திவிட்டது.

ஒரு மதிப்பெண் தாள்

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு நாளில் பாடல் போட்டிக்கு நடுவராக அமரும் பொறுப்பு நமக்குத் தரப்பட்டது. சுருதி, தாளம், உச்சரிப்பு, குழு ஒருமைப்பாடு என நான்கு கட்டங்கள் கொண்ட தாளை நம் கையில் கொடுத்தார்கள். கட்டத்துக்கு இருபத்தைந்து மதிப்பெண். நகரப் பங்குகளிலிருந்து வந்தவர்கள் கீபோர்டும் கிதாருமாக மேடையேறினர். அவர்களுக்குப் பின், ஒரு கிளைப்பங்கிலிருந்து எட்டுப் பேர் ஒரு தபேலாவோடும் ஒரு ஜால்ராவோடும் வந்து நின்றனர்.

எண்மருள் ஒருவன் அறிவு வளர்ச்சி சற்றுக் குன்றியவன். பாடல் தொடங்கியதும் கண்களை மூடிக்கொண்டான். மற்றவர் குரல் ஏறும்போது அவன் குரல் ஏறவில்லை. மற்றவர் நிறுத்திய பின்னும் அவன் குரல் மட்டும் ஒரு கணம் தனியே நின்று ஒலித்தது. அவையில் இலேசான சிரிப்பு எழுந்தது. நாம் சிரிக்கவில்லை. ஆனால் குழு ஒருமைப்பாடு என்ற கட்டத்தில் எட்டு மதிப்பெண்களைக் குறைத்தோம். மூன்று மதிப்பெண் இடைவெளியில் அந்தக் குழு மூன்றாம் பரிசை இழந்தது. நேர்மையாகத் தீர்ப்பு வழங்கினோம் என்ற நிறைவோடு வீடு திரும்பினோம்.

மறு ஆண்டும் நாமே நடுவர். அந்தக் கிளைப்பங்கிலிருந்து எழுவர் வந்தனர். பிசிறின்றிப் பாடி இரண்டாம் பரிசும் பெற்றனர். விழா முடிந்து வெளியே வந்தபோது வாயிலருகே அந்த எட்டாமவனைக் கண்டோம். தன் ஊராரின் செருப்புகளையும் வண்டிகளையும் காவல் காத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். உள்ளே தோழர்கள் பாடிய அதே பாடலை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அருகில் நின்ற உபதேசியாரிடம் வினவினோம்.

"அவன் பாடுனா மார்க்கு கொறைஞ்சு போகுதுங்களே, ஐயா. பசங்களுக்கு ஒரு கப்பாவது கெடைக்கட்டும்னு இந்த வருசம் விட்டுட்டோமுங்க" என்றார்.

அவர் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. அதனாலேயே அது நம்மை அதிகமாகச் சுட்டது. குழு ஒருமைப்பாடு என்ற கட்டத்தில் அன்று அவர்களுக்கு நாம் இட்டது இருபத்திரண்டு. தங்களுள் ஒருவனை வெளியே நிறுத்திவிட்டு வந்தவர்களுக்கு ஒருமைப்பாட்டுக்கென இருபத்திரண்டு! அவனை வெளியே நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர் நாமன்றி வேறு யார்?

போட்டியின் நியாயம்

அதற்காகப் போட்டியே தீது என்று நாம் சொல்ல வரவில்லை. போட்டி உறங்கும் ஆற்றலை எழுப்புகிறது. விதிக்கு அடங்கவும், தோல்வியைத் தாங்கவும், வென்றவனின் கையைப் பற்றிக் குலுக்கவும் கற்பிக்கிறது. புனித பவுல் கொரிந்து நகரத்தார்க்கு எழுதும்போது பந்தயத் திடலில் ஓடுவோரைச் சான்றாகக் காட்டுகிறார். அந்நகருக்கு அருகே இரண்டாண்டுக்கு ஒருமுறை நடைபெற்ற இஸ்த்மிய விளையாட்டுகளை அவர்கள் நன்கறிவர். அங்கே வென்றவர்க்குச் சூட்டிய இலைமுடி சில நாளில் வாடிப்போகும். பவுல் சொல்லும் முடியோ வாடாதது. இன்னொரு வேற்றுமையும் உண்டு. திடலில் ஒருவரே வெல்ல முடியும். பவுல் அழைக்கும் ஓட்டத்தில் ஒருவர் வெல்வதால் மற்றொருவர் தோற்பதில்லை.

நம் சடுகுடுவையே எண்ணிப் பார்ப்போம். எதிரணி எல்லைக்குள் புகுபவனைப் 'பாடிப் போகிறான்' என்பது நம் வழக்கு. ஒரே மூச்சில் பாடிச் செல்ல வேண்டும். மூச்சு அறுந்தால் ஆட்டம் போயிற்று. விளையாட்டையும் பாட்டையும் நம் முன்னோர் ஒரே மூச்சில் கோத்து வைத்திருக்கின்றனர். அந்த ஆட்டத்தின் விதிகளுள் ஒன்று நெஞ்சைத் தொடுவது. ஆட்டமிழந்து வெளியே அமர்ந்தவன் அங்கேயே கிடந்துவிடுவதில்லை. அவன் அணியினர் எதிரணியில் ஒருவரை வீழ்த்தினால், அவன் மீண்டும் உள்ளே அழைக்கப்படுகிறான். தோழனின் வெற்றி வெளியேறியவனுக்கு உயிர் கொடுக்கிறது. நம் எட்டாமவனுக்கோ தோழர்களின் வெற்றியால் வாயில்தான் கிடைத்தது.

இதே மண்ணிலிருந்து வேறொரு சான்று. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கப் பெற்றவர். தாயார் காய்கறி விற்று வளர்த்தார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். பின்னர் டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். அவரது பதக்கங்களை நாம் கொண்டாடுகிறோம். ஆனால் பதக்கத்துக்கு முன்னே ஒரு வாசல் இருக்கிறது. கால் ஊனமுற்ற ஒரு சிறுவனைத் திடலின் ஓரத்தில் உட்கார வைக்காமல், "நீயும் தாண்டு" என்று உள்ளே அழைத்தார் அவரது பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர். அந்த அழைப்பு இல்லையேல் தங்கமும் இல்லை. எத்தனை ஆலயத் திடல்களின் ஓரத்தில் எத்தனை மாரியப்பன்கள் செருப்புக்குக் காவல் இருக்கின்றனரோ!

ஜெர்மனியில் நேர்ந்தது

திருச்சபையின் இளைஞர் கூடி விளையாடுவதும் பாடுவதும் வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதை உணர ஜெர்மனி நாட்டின் வரலாறு துணை செய்யும். முதல் உலகப் போரில் நொறுங்கிய அந்நாட்டில், 1920ஆம் ஆண்டு வூர்ட்ஸ்புர்க் நகரில் கத்தோலிக்க இளைஞரின் விளையாட்டுக் கழகம் ஒன்று உருவாயிற்று. ஜெர்மானிய இளைஞர் ஆற்றல் என்பது அதன் பெயரின் பொருள். அதே காலத்தில் ரோத்தன்ஃபெல்ஸ் என்னும் பழங்கோட்டையில் கத்தோலிக்க இளைஞர் கூடிப் பாடியும் செபித்தும் உரையாடியும் வந்தனர். அவர்களை வழிநடத்தியவர்களுள் ஒருவர் ரோமானோ குவார்தினி என்னும் குருவானவர்.

1918இல் வெளிவந்த தம் நூலில் அவர் திருவழிபாட்டைக் குழந்தையின் விளையாட்டோடு ஒப்பிட்டார். விளையாடும் குழந்தை எந்தப் பயனையும் கருதுவதில்லை. ஆயினும் அதன் ஆட்டம் பொருளற்றதன்று. உயிரின் நிறைவே அங்கு வெளிப்படுகிறது. வழிபாடும் அத்தகையதே என்பது அவர் கருத்து. பயன் வேறு, பொருள் வேறு. கண்களை மூடிப் பாடிய அந்த இளைஞனுக்குப் பாட்டில் பயன் ஏதும் இல்லை, பொருள் இருந்தது. நம் தாளில் பயனுக்குத்தான் கட்டங்கள் இருந்தன.

1933இல் ஆட்சியைப் பிடித்த இட்லரின் அரசு இந்த இளைஞர் கூட்டங்களைக் கண்டு அஞ்சியது. விளையாட்டுக் கழகத்தின் தலைவர் அடால்பெர்ட் ப்ரோப்ஸ்ட் 1934 ஜூலைத் தொடக்கத்தில் கைது செய்யப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1935 ஜூலையில் சமயம் சார்ந்த இளைஞர் அமைப்புகள் விளையாட்டில் ஈடுபடுவதற்குத் தடை வந்தது. ஆலயச் சுவருக்குள் செபிக்கலாம். திடலில் கூடி ஆடக்கூடாது. கழகமும் கலைக்கப்பட்டது. 1939இல் ரோத்தன்ஃபெல்ஸ் கோட்டையும் பறிமுதல் ஆயிற்று. இளைஞரின் உடலும் குரலும் அரசுக்கே உரியவை என்று அவர்கள் கருதினர். சேர்ந்து ஆடிப் பாடுகின்றவர்கள் சேர்ந்து சிந்திக்கவும் தொடங்கிவிடுவர் என்று அஞ்சினர்.

அதே அரசு மனிதரை வலிமையால் அளந்தது. வலிமையை மட்டும் அளக்கத் தொடங்கிய கை கடைசியில் எங்கே போய் நின்றது? மனநலம் குன்றியோரும் அறிவு வளர்ச்சி குன்றியோரும் பயனற்றவர் என்று கணக்கிடப்பட்டுக் கொல்லப்பட்டனர். 1941 ஆகஸ்டு 3ஆம் நாள் மூன்ஸ்டர் நகர ஆயர் ஃபான் கேலன் மறையுரை மேடையில் நின்று அக்கொலைகளை வெளிப்படையாகக் கண்டித்தார். பயன் தராதவன் வாழத் தகாதவன் என்றால் நாளை முதுமையில் நம் அனைவரின் கதியும் அதுவே என்று அவர் எச்சரித்தார். 2005இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது.

நம் மதிப்பெண் தாளை அக்கொடுமையோடு நாம் ஒப்பிடவில்லை, அது மிகையாகும். ஆயினும் 'இவனால் கணக்குக் குறைகிறது' என்ற சிந்தனை முளைவிடும் இடம் மிகச் சிறியது, மிக நல்லெண்ணம் உடையது, பெரும்பாலும் பரிசுக் கோப்பை வைத்த மேசைக்கு அருகிலேயே இருப்பது என்பதை மறக்கலாகாது.

சொல்லில் உள்ள பொருள்

தமிழ்க் கத்தோலிக்கராகிய நமக்கு அரியதொரு சொல் வாய்த்திருக்கிறது. நம் ஆலயச் சமூகத்தைப் பங்கு என்கிறோம். பங்குத்தந்தை, பங்குமக்கள் என்கிறோம். குடும்பச் சொத்தில் ஒருவனுக்கு உரிய பாகத்துக்கும் அதே பெயர். திறமை பார்த்துத் தந்தை பங்கு பிரிப்பதில்லை. பிள்ளை என்பதாலேயே பங்கு உண்டு. ஊமைப் பிள்ளைக்கும் உண்டு. ஊதாரிப் பிள்ளைக்கும் உண்டு.

சேலம் மறைமாவட்டம் 1930இல் உருவானபோது திருப்பலி இலத்தீன் மொழியில் நடந்தது. பாடகர் குழு இலத்தீனில் பாட, மக்கள் செபமாலையை உருட்டிக்கொண்டு முழந்தாளிட்டிருந்தனர். 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டினை வெளியிட்டது. இறைமக்கள் யாவரும் முழுமையாகவும் உணர்ந்தும் செயல்முறையிலும் பங்கேற்க வேண்டும் என்று அது பணித்தது. 1967இல் வந்த திருஇசை பற்றிய அறிவுரையும், மக்களை முற்றிலும் விலக்கிவிட்டுப் பாடல் முழுவதையும் பாடகர் குழுவிடமே விட்டுவிடும் வழக்கத்தை ஏற்கவில்லை. ஆக, பங்கேற்பு என்பது தகுதியுடையோர்க்குத் தரும் சலுகை அன்று. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரின் உரிமை. பங்கில் இருப்பவனுக்குப் பங்கேற்பு மறுக்கப்பட்டால் அது பாகப் பிரிவினையில் செய்யும் வஞ்சனையை ஒக்கும்.

உலகத்தின் விளையாட்டு மேடையும் இதை மெல்ல மெல்லக் கற்று வருகிறது. ஒலிம்பிக் கொள்கையான விரைவு, உயர்வு, வலிமை என்னும் மூன்று சொற்களைத் தம் மாணவர்க்குத் தந்தவர் தொமினிக்கன் சபைக் குரு ஹென்றி திதோன். வெல்வதினும் பங்கேற்பதே மேல் என்னும் கருத்தும், 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கின்போது ஓர் ஆங்கிலிக்கன் ஆயர் ஆற்றிய மறையுரையிலிருந்தே உலகப் புகழ் பெற்றது. 2021இல் அந்த மூன்று சொற்களோடு 'சேர்ந்தே' என்னும் நான்காவது சொல் இணைக்கப்பட்டது. உலகம் நூறாண்டு கழித்துச் சேர்த்துக்கொண்ட சொல் நம் பங்கு என்னும் பெயரிலேயே முதலிலிருந்து இருக்கிறது. இருந்தும் நாம் அதை மறந்திருக்கிறோம்.

மறதி பாடலில் மட்டுமன்று. கபடி அணி பிரியும்போது தெருவும் உறவும் சாதியும் ஓசையின்றி உள்ளே நுழைவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? ஒரே அப்பத்தைப் பகிர்ந்து உண்டவர்கள் திடலில் இறங்கியதும் தெருவாரியாகப் பிரிந்து நிற்பது எத்தகைய பங்கேற்பு?

ஆகவே பங்குப் பேரவைகளின் சிந்தனைக்குச் சிலவற்றை முன்வைக்கிறோம். விளையாட்டு அணிகளை ஊரும் தெருவும் கலந்து சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாம். குழு ஒருமைப்பாட்டுக்கு மதிப்பெண் இடுவதாயின், அக்குழு தன் ஊரில் எத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தது என்பதைக் கொண்டு இடலாம். ஷிப்டு வேலையால் பயிற்சிக்கு வர இயலாதவர்க்கென்றே இறுதியில் நடுவர் இல்லாத ஒரு பாடலை எல்லாரும் சேர்ந்து பாடலாம். கோப்பைகள் இருக்கட்டும். கோப்பைக்காக ஒருவனும் வாயிலில் நிற்க வேண்டியதில்லை.

இக்கட்டுரையை எழுதுவதற்குமுன் ஒரு ஞாயிறன்று அந்தக் கிளைப்பங்கின் சிற்றாலயத்துக்குச் சென்றிருந்தோம். முன்வரிசையில் அவன் நின்றான். காணிக்கைப் பாடலின்போது கண்களை மூடிக்கொண்டான். எல்லாரும் நிறுத்திய பின்னும் அவன் குரல் மட்டும் தனியே ஒலித்தது. எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பீடத்தருகே நின்ற குருவானவர் அக்குரல் அடங்கும் வரை காத்திருந்தார். அதன் பிறகே மன்றாட்டைத் தொடங்கினார்.

அப்படிக் காத்திருக்கத் தெரிந்த இடத்துக்கே பங்கு என்னும் பெயர் பொருந்தும்.