அமைதியும் அயலும்

அமைதியான அயலில் வாழ்தல் மனிதர் பெரிதும் விரும்பும் நலன்களுள் ஒன்றாகும். ஆயின், ஓசையின்மை அனைத்தும் அமைதியாகிவிடுமா என்பது ஆராய்தற்குரியது. ஓர் ஊர் இரு காரணங்களால் ஓசையற்றிருக்கலாம். ஆங்கு வாழ்வோர் ஒருவர்க்கொருவர் இடையூறின்றி ஒழுகுவது ஒன்று. தமக்கு நேரும் இடையூற்றை எடுத்துரைத்தும் கேட்பாரின்மை மற்றொன்று. புறத்தே நின்று நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

புத்தளத்துக்கு வடக்கே, மன்னாருக்குச் செல்லும் பழைய பாதையில் அமைந்தது எலுவன்குளம். வில்பத்து வனத்தின் தென்னெல்லையும், கலா ஓயாவின் கழிமுகத்துக் கண்டற் காடுகளும் அதனை அடுத்துள்ளன. இவ்வூர் அடங்கிய வண்ணாத்திவில்லுப் பிரிவிலேயே அறுவைக்காடும் உள்ளது. சீமெந்துத் தொழிலுக்காகச் சுண்ணாம்புக்கல் அகழப்பட்ட இடம் அது.

கொழும்பின் புறநகரான கொலன்னாவைப் பகுதியில், மீதொட்டமுல்லவில் நகரக் கழிவுகள் ஆண்டுக்கணக்கில் மலையாகக் குவிக்கப்பட்டன. அயலவர் முறையிட்டும் பயனில்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, அம்மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்னரே வகுக்கப்பட்டிருந்த அறுவைக்காட்டுத் திட்டம் அதன்பின் விரைவு பெற்றது. புத்தளம் மக்கள் 2018 இலும் 2019 இலும் வீதியில் இறங்கி எதிர்த்தனர். எனினும், 2019 இல் கொழும்பின் குப்பை அங்கு சென்றது.

நெருக்கமான குடியிருப்பினின்றும் கழிவை அகற்றி, ஆளரவம் குறைந்த நிலத்தில் முறையாகப் புதைப்பதே பெரும்பான்மையோர்க்கு நன்மை என்பர் பயன்பாட்டுவாதிகள். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. திறந்த குப்பைமேடு உயிர்களைக் காவுகொண்டது கண்கூடு. ஆனால், எந்த மனிதரையும் வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்றார் ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற். தொகையை எண்ணுவதோடு நீதி நிறைவுறாது. சுமையை ஏற்போரின் இசைவு பெறப்பட்டதா, சுமையை உண்டாக்குவோர் அதனைக் குறைக்க முயன்றனரா என்னும் வினாக்கள் எஞ்சியே நிற்கின்றன. ஓரூரில் மக்கள் சிலரே வாழ்கின்றனர் என்பது அவர்களைக் கேளாது விடுவதற்கு நியாயமாகாது. சிலராயினும் அவர்கள் பருகும் நீரும் மீன்பிடிக்கும் கழியும் பிறருடையவற்றினும் மலிந்தவை அல்ல.

நகரத்தின் தூய தெருவில் வாழ்பவன் எவர்க்கும் தீங்கிழையாதவனாகவே தன்னை எண்ணுகிறான். அண்டைவீட்டார்க்கு அவன் தீங்கிழையாதவன் என்பதும் உண்மையே. ஆயின், அவன் வாயிலினின்று விடியற்காலையில் அகற்றப்படும் குப்பை எங்கோ ஓர் ஊரைச் சென்றடைகின்றது. அவ்வூரும் அவனுக்கு அயலே. கழிவைக் குறைத்தலும், வீட்டிலேயே வகைபிரித்தலும், எஞ்சியது எங்குச் செல்கின்றது என வினவுதலும் அந்த அயலார்க்கு அவன் ஆற்றவேண்டிய குறைந்தபட்சக் கடமைகளாம். அவற்றை ஆற்றாதவன் துய்க்கும் அமைதி, பிறர் கணக்கில் பெற்ற கடனேயாகும்.