நின்ற கல்லும் உருண்ட கற்களும்

கேதார்நாத் கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரும்பாறை கிடக்கிறது. 2013 ஜூன் வெள்ளத்தில் உருண்டு வந்து, கோயிலைத் தொடாமல் நின்றுவிட்டது. தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது, கோயில் தப்பியது. பீம் ஷிலா என்று பெயர் வைத்துக் கும்பிடுகிறார்கள். ராயப்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்சந்தில் இருக்கும் எதிர்வீட்டு அக்கா, யாத்திரை முடிந்து வந்ததும் பிரசாதத்தோடு அதன் படத்தையும் என் கையில் வைத்தார். "சாமி இருக்குங்கிறதுக்கு இதைவிட என்ன வேணும் டீச்சர்?"

நானும் நம்புகிறவள்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள். நின்ற ஒரு கல் அருள் என்றால், அதே வெள்ளத்தில் வந்து ஆயிரக்கணக்கானவர்களை அள்ளிப்போன கற்கள் யார் அனுப்பியவை? விதி என்று சொல்லிவிடுவது செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். சாமியாவது ஒன்றாவது என்று கைவிரிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பதிலுமே, அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன என்று ஏறிட்டுப் பார்க்க விடுவதில்லை.

மேலே சோராபாரி பனியாறு இருக்கிறது. பனியாறு சுருங்கும்போது கல்லையும் மண்ணையும் கரைபோல ஓரத்தில் விட்டுச்செல்லும். அப்படியொரு கரைக்குள் தேங்கிய ஏரிதான் ஜூன் 17 காலையில் உடைந்தது.

இந்தக் கற்களின் குணம் விசித்திரமானது. பனிமேல் மெல்லிய தூசியாகப் படிந்தால் வெயிலை உறிஞ்சி உருகலை வேகப்படுத்தும். முழ உயரத்துக்குக் குவிந்தாலோ, மீன் மார்க்கெட்டில் ஐஸ் பாளத்தின் மேல் உமி கொட்டியதுபோல், உள்ளே பனியைக் காக்கும். அதிலும் ஓர் ஆபத்து உண்டு: பனியாற்றின் முகப்பு நகராமல் நிற்க, உடம்பு மட்டும் மேலிருந்து மெலிந்துகொண்டே போகும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. டேராடூனில் உள்ள வாடியா இமயமலை நிலவியல் நிறுவன ஆய்வாளர்கள் சோராபாரியில் பனியைத் துளைத்துக் கழிகளை நட்டு, எவ்வளவு நீளம் வெளியே வந்திருக்கிறது என்று அளந்துதான் கண்டுகொண்டார்கள்.

தூரத்திலிருந்து தெரியாத இன்னொரு மாற்றத்தைச் செடிகளை வைத்துக் கவனிக்கிறார்கள்; அங்கே அளப்பது செயற்கைக்கோள். பச்சை இலை சிவப்பு ஒளியை வாங்கிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பியனுப்பும். அந்த வித்தியாசத்தை அது படிக்கிறது. 1993 முதல் 2018 வரையிலான படங்களைப் பார்த்ததில், எவரெஸ்ட் வட்டாரத்தில் பனிக்கோட்டுக்குக் கீழே செடிகொடிகள் பெருகியிருக்கின்றன. புல் முளைத்தால் மங்கலம் என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே அது மலை சூடேறுவதன் அடையாளம்.

ஈசனுக்கு ஐந்தொழில் என்கிறது சைவ சித்தாந்தம். அதில் மறைத்தலும் ஒன்று. அதுவும் அருளே, உயிர் பக்குவப்படுவதற்காக மறைக்கிறான் என்பார்கள். சின்ன வயதில் எனக்கு இது பிடிபடவே இல்லை. கல்மூடிய பனியாற்றைப் பற்றிப் படிக்கப் படிக்கத்தான் கொஞ்சம் புரிகிறது. மறைத்திருப்பது, பார்க்காதே என்ற கட்டளை ஆகாது. நின்ற கல்லில் அருளைத் தேடுகிறவர்கள், கல் உருள்வதற்கு முன்பே கண்டுகொள்ளும் அறிவையும் அவன் தந்தான் என்று ஏன் சொல்வதில்லை? சோராபாரி ஏரியின் நீர்மட்டத்தை யாராவது இரவெல்லாம் பார்த்துக் கீழே சொல்லியிருந்தால், அதைவிடப் பெரிய பூசை எது?

கோயில் உண்டியல்களில் விழுவதில் ஒரு பங்கு, மேலே கழி நடுகிறவர்களுக்கும் ஏரிக்கரையில் காவலிருப்பவர்களுக்கும் போக வேண்டும். பக்தர்கள்தான் இதைக் கேட்க வேண்டும். நாம் கேட்டால் கோயில்கள் மறுக்க முடியாது.