விடிந்துவிட்டது என்று சொல்பவர்கள்

ஓட்டிசம் என்றதும் எங்கள் புத்தளக் கரையில் எல்லோர் நினைவிலும் வருவது ஒரு சிறுபிள்ளைதான். அந்தப் பிள்ளை வளர்ந்து, படித்து, வெள்ளைச் சீருடையுடன் வாட்டில் தாதியாக நிற்கக்கூடும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் ஓட்டிசம் வயதோடு நீங்கிவிடுவதல்ல. அது ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்குப் பேச்சே வராது. சிலர் பட்டமும் தொழிலும் பெற்றுவிடுவர். பெண்கள் பலர் மற்றவர்களைப் பார்த்து அவர்களைப் போல நடந்து பழகிவிடுவதால், நடுவயதில்தான் தம் சிரமத்தின் பெயரை அறிகின்றனர்.

அத்தகைய ஒரு தாதிக்கு ஊசி போடுவதோ மருந்தின் அளவைக் கணக்கிடுவதோ சிரமமாக இல்லாதிருக்கலாம். பார்வையாளர் நேரத்து இரைச்சல், ஓயாமல் ஒலிக்கும் கருவிகள், கடைசி நேரத்தில் மாறும் கடமைப் பட்டியல், அரைகுறையாகச் சொல்லப்படும் கட்டளை ஆகியவையே அவரை வாட்டும். அவர் கேட்கக்கூடியவையும் சிறியவை: கட்டளையை எழுதித் தருவது, கடமை மாற்றத்தை முன்கூட்டியே அறிவிப்பது, இடைவேளையில் ஓர் அமைதியான மூலை. இவை நாம் இரங்கிக் கொடுக்கும் ஸதகாவா, அல்லது அவருடைய ஹக்கா?

வலுவிழந்தோரின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்குச் சேர்ப்பதில் அவர்களுக்குப் பாகுபாடு காட்டலாகாது என்றது. ஆனால் பாதுகாப்புக்கு உரியவரை வரையறுக்கும்போது, உடல் அல்லது உளக் குறைபாட்டினால் தன் வாழ்வின் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர் என்றது. சம்பளம் எடுத்துக் குடும்பத்தையும் தாங்கும் தாதி இந்த வரையறைக்குள் எப்படி நுழைவார்? உரிமை வேண்டுமாயின் தான் இயலாதவர் என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலோ, இயலாதவரிடம் நோயாளியை எப்படி ஒப்படைப்பது என்பார்கள். 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயம், தொழிலிடத்தில் நியாயமான ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடுதான் என்கிறது. குறையை ஆளிடம் மட்டும் தேடாமல் இடத்திலும் தேடச் சொல்கிறது.

தமிழ் பேசும் நமக்கு இந்த நியாயம் புதிதல்ல. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. வைத்தியசாலையில் தமிழில் படிவம் கேட்கும் நாம் பிச்சை கேட்பதாக நினைப்பதில்லை. சிங்களம் தெரியாதது உங்கள் குறை என்று எவராவது சொன்னால் நமக்குக் கோபம் வரும். படிவத்தில் நாம் கேட்கும் நியாயத்தை, எழுதித் தரப்படும் கட்டளையில் ஒரு தாதிக்கு மறுப்பது எப்படிச் சரியாகும்?

ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரழி) கண்பார்வை அற்றவர். அவரே மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களில் ஒருவர். பிலால் (ரழி) இரவிருக்கும்போதே பாங்கு சொல்வார். நோன்பாளி உண்பதை நிறுத்த வேண்டிய பாங்கு இவருடையது. வைகறையைப் பார்த்தறிய வேண்டிய வேலை பார்வையற்றவரிடம்! விடிந்துவிட்டது என்று மக்கள் சொல்வார்கள். அவர் பாங்கு சொல்வார் என்று ஹதீஸ் கூறுகிறது. மக்களின் அந்தச் சொல் தர்மமல்ல. வேலை சரியாக நடப்பதற்கு வேண்டிய ஏற்பாடு. அதனால் பாங்கின் பெறுமதி குறையவுமில்லை.

நோயாளியின் உயிர் அமானிதமாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். ஊராரின் நோன்பும் அந்தப் பாங்கை நம்பித்தானே இருந்தது? ஒரு தாதியால் பணி செய்ய முடியுமா என்பதைப் பணியைக் கொண்டே அளக்க வேண்டும், ஓட்டிசம் என்ற பெயரைக் கொண்டல்ல. எழுத்தில் தெளிவாக வந்த கட்டளை எல்லாத் தாதியரின் தவறுகளையும் குறைக்கும். சிங்களமும் தமிழும் கலந்து ஒலிக்கும் எங்கள் வாட்டுகளில் அதன் தேவை இன்னும் அதிகம்.

வேலைப் பளு சக தாதியர் தலையில் விழும் என்ற கவலையும் பொய்யல்ல. அதனாலேயே இது ஸதகாவாக இருக்கக்கூடாது என்கிறேன். ஸதகாவானால் அன்றைய கடமையில் இருப்பவரின் மனதைப் பொறுத்தே கிடைக்கும். பொறுப்பாளர் மாறினால் நின்றுபோகும். ஹக்கானால் அதை நிறைவேற்றும் பொறுப்பு நிர்வாகத்துக்கு உரியது.

இன்று அத்தகைய தாதி தன் நிலையைச் சொல்லத் தயங்கினால் வியப்பில்லை. மறைத்தாரே என்று அவரைக் குற்றம் கூறுமுன், சொல்லியிருந்தால் அவரது வேலை மிஞ்சியிருக்குமா என்பதற்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.