சோற்றில் கலந்த மருந்து

மனச்சிதைவு போன்ற கடும் மனநோய்க்கு ஆளானவருக்கு, அவர் அறியாமல் சாதத்திலோ காபியிலோ மருந்தைக் கலந்து கொடுப்பது இந்தியக் குடும்பங்களில் அரிதாக நிகழும் செயலன்று. நோயாளி மருத்துவமனைக்கு வர மறுப்பதால் தாயோ தமையனோ மட்டும் வந்து நிலைமையை எடுத்துரைக்க, எளிதில் கலக்கக்கூடிய சொட்டு மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தனுப்புவதும் உண்டு. இச்செயல் அறத்துக்கு ஒத்ததா என்று ஆராய்வதற்கு முன், குடும்பத்தை இந்த இடத்துக்குத் தள்ளும் நெருக்கடியைக் குறைத்து மதிப்பிடாமல் இருப்பது நியாயம்.

உடல்நோயாளி வலியால் மருந்தைத் தேடிச் செல்வார். மனச்சிதைவு நோயாளிகளில் பலருக்கோ தமக்கு நோய் உண்டு என்னும் உணர்வே நோயால் மங்கிவிடுகிறது. 1952இல் பாரிஸ் நகரின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் ஆகிய மருத்துவர்கள் குளோர்புரோமசைன் என்னும் மருந்தின் பயனை நிறுவிய பின், ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்கப்பட்டிருந்தவர்கள் வீடு திரும்புவது இயலக்கூடியதாயிற்று. மருந்தும் முறையான கவனிப்பும் எட்டாதபோது எஞ்சுவது என்ன என்பதைத் தமிழகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டது. மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயிலிருந்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டனர். கண்ணெதிரே பிள்ளை சிதைவதைப் பார்த்து நிற்கும் தாய், சங்கிலியைவிடச் சொட்டு மருந்து மேல் என்று எண்ணுவதில் கொடுமை எதுவும் இல்லை. அவர் கையிலிருப்பது அன்புதான்.

ஆயினும் அந்த அன்பு தேர்ந்துகொள்ளும் வழி, நோயின் மிக நுட்பமான இடத்தில் போய் மோதுகிறது. மனச்சிதைவில் அடிக்கடி காணப்படும் மருட்சிகளுள் ஒன்று, உணவில் யாரோ நஞ்சு கலக்கிறார்கள் என்பது. மருட்சி என்பது எந்தச் சான்றாலும் அசைக்க முடியாத பொய்நம்பிக்கை. இடுமருந்து பற்றிய அச்சம் இன்னும் வழங்கும் தமிழ்ச் சூழலில், சாப்பாட்டில் மருந்து வைத்துவிட்டார்கள் என்ற வடிவில் அது எளிதாக வெளிப்படுகிறது. அப்படி அஞ்சுகிறவரிடம் ஒன்றுமே கலக்கவில்லை என்று சத்தியம் செய்துவிட்டு மருந்து கலந்த தட்டை நீட்டும் வீடு, அவருடைய மருட்சியை உண்மையாக்கிவிடுகிறது. தட்டின் ஓரத்தில் கரையாத வெண்துகளை ஒருநாள் அவர் கண்டுபிடித்தால், அதன்பின் உண்ண மறுப்பதை நோயின் அறிகுறி என்று சொல்வதற்கு யாருக்கும் தகுதி இராது. எது உண்மை எது மயக்கம் என்று பிரித்தறியும் ஆற்றலை மீட்டுத் தருவதே சிகிச்சையின் நோக்கம் என்றால், அவர் சரியாக அறிந்த ஒன்றைப் பொய் என்று மறுப்பது சிகிச்சைக்கே பகையாகும்.

உடலுக்கு நேரும் தீங்கும் சிறிதன்று. ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளால் சிலருக்குக் கழுத்து ஒருபுறம் முறுக்கிக்கொள்ளும், கண்கள் மேல்நோக்கிச் செருகும், நாக்கு தடித்ததுபோல் பேச்சு குழறும். மருந்து உட்கொள்வதை அறிந்தவர் இதை மருத்துவரிடம் கூறுவார், மாற்றுமருந்தால் விரைவில் தணியும். அறியாதவரோ தம் உடலை ஏதோ ஒரு சக்தி ஆட்டிவைப்பதாகவே கொள்வார். பாதி உண்டு தட்டைத் தள்ளிவிட்டால் உள்ளே போன அளவு எவருக்கும் தெரியாது. ரிஸ்பெரிடோன் திரவத்தைத் தேநீரிலோ கோலா பானத்திலோ கலக்கக் கூடாது என்பதுகூடப் பல வீடுகளுக்குச் சொல்லப்படுவதில்லை. குளோசபைன் உட்கொள்பவருக்கு வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும் என்பதால் குறித்த இடைவெளிகளில் இரத்தப் பரிசோதனை கட்டாயம். காரணம் சொல்லாமல் ஒருவரிடமிருந்து மீண்டும் மீண்டும் இரத்தம் எடுப்பது எப்படி?

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவருக்கும் சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் திறன் உண்டு என்ற கருத்திலிருந்தே தொடங்குகிறது. அத்திறன் இல்லாதபோது நியமனப் பிரதிநிதியின் ஆதரவோடு மருத்துவமனையில் சேர்க்கவும், உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரவும் வழிவகுக்கிறது. இவ்வழிகளில் வற்புறுத்தல் உண்டு. அது வெளிப்படையானது, பதிவாவது, எதிர்த்து முறையிடத்தக்கது. மறைத்து ஊட்டுவதற்கு இவற்றுள் எதுவும் இல்லை. எனவே வெளிப்படையாகக் கட்டாயப்படுத்துவதைவிட மறைத்துக் கொடுப்பது மென்மையானது என்ற பொதுக்கருத்தை ஏற்க இயலாது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் குடும்பத்தினரைக் கூடாரங்களில் நோயாளிகளோடு தங்கவைத்தபோது அவர்களைச் சிகிச்சையின் பங்காளிகளாக்கினார்; இன்றைய குடும்பமோ, வீடு தேடி வரும் மனநலக் குழு இல்லாத ஊரில், தனியே விடப்பட்டுப் பொய்சொல்லப் பழகுகிறது. இந்தக் குற்றத்தில் பெரும்பங்கு அக்குழுவை அனுப்பாத அமைப்பைச் சேரும்.

இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி, மருத்துவர் வீட்டுக்கே வந்து பேசுதல் என எல்லா வழிகளும் அடைபட்டு, உயிராபத்தும் நெருங்கிய நிலையில், சில நாள்களுக்கு மட்டும் மறைத்துக் கொடுப்பதை மன்னிக்கலாம். ஆண்டுக்கணக்கில் நீளும் சிகிச்சை முறையாக அதை ஏற்க முடியாது. அந்தச் சில நாள்களிலும் மருத்துவர் ஏற்கவேண்டிய கடமை ஒன்று உண்டு: தெளிவு திரும்பத் தொடங்கியதும், என்ன மருந்து, எப்போது, எதில் கலக்கப்பட்டது என்பதை நோயாளியிடம் சொல்லும் பொறுப்பைத் தாயின் தலையில் சுமத்தாமல், எழுதிக் கொடுத்தவரே அவர் முன் அமர்ந்து சொல்லவேண்டும், அவருக்கு எழும் கோபத்தை நோய் என்று குறித்துவைக்காமல் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.