மெத்தையில் கிடப்பதும் காற்றில் மிதப்பதும்

மலேசியாவில் ஏர் பியூரிஃபையரைத் தேடி ஆள்கள் அலைவது புகைமூட்டம் வரும் ஆண்டுகளில்தான். சுமத்ராவில் கரிச்சதுப்பு நிலம் எரியும். தென்மேற்குக் காற்று அந்தப் புகையை மலாக்கா நீரிணை தாண்டிக் கொண்டுவரும். நெகிரி செம்பிலானின் நீலாய், சிரம்பான், போர்ட்டிக்சன் நிலையங்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டும். கடைகளில் பெட்டி தீர்ந்துபோகும். 2013 ஜூனில் பக்கத்து மாநிலமான ஜொகூரின் மூவாரில் குறியீடு 746-ஐத் தொட, அவசரநிலை அறிவிக்கப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதற்றம் புரியும்.

புகை போய்விடும், பெட்டி வீட்டிலேயே இருக்கும். அப்புறம் அதன்மேல் வேறொரு நம்பிக்கை ஏறுகிறது: காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்மும் பிள்ளைக்கும், இரவில் இழுப்பு வரும் பாட்டிக்கும் இதுவே தீர்வு என்று. அதில் பாதி சரி, பாதி சரியில்லை. எந்தப் பாதி சரி என்பதைத் தூசியின் பருமனும் வீட்டின் கட்டுமானமும் முடிவு செய்கின்றன.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தூசிக்குப் பஞ்சமில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் மழை குறையும்; ஜெலுபு, கோலப்பிலா பக்கமோ நாட்டிலேயே மழை குறைந்த வட்டாரம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று செம்மண் சாலையில் போனால் போதும், லயத்து வாசலில் காயும் வேட்டி நிறம் மாறிவிடும். பால்மரம் இலை கொட்டித் தளிர்க்கும் அதே நாள்களில், சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் அடிப்பார்கள். ஆலைக் கொதிகலனில் செம்பனை நாரும் ஓடும் எரியும். மகரந்தம் வேறு. 1981-இல் கெமரூனிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து விடும்வரை, செம்பனை மகரந்தத்தைப் பூக்குலையில் தூவுவதற்கென்றே தோட்டத்தில் ஆள் போட்டிருந்தார்கள். இப்போது அந்த வேலையை வண்டு சம்பளமில்லாமல் பார்க்கிறது. செம்பனை மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்று சிங்கப்பூர் ஆய்வுகள் சொல்கின்றன.

இத்தனை இருந்தும், தும்மலுக்கு முதல் குற்றவாளி பெரும்பாலும் வெளியே இல்லை, படுக்கையில் இருக்கிறது. அதன் பெயர் தூசிச் சிற்றுண்ணி. கால் மில்லிமீட்டர் உடம்பு. நம் தோலிலிருந்து உதிரும் செதிலே அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்காது, காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் காய்ந்து செத்துவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காடு. அதற்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. வீட்டுத்தூசி ஒவ்வாமைக்குக் காரணம் இந்த உண்ணிதான் என்று 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்கள் கண்ட இனத்தோடு, வெப்ப நாடுகளில் பெருகும் பிளோமியா டிராப்பிக்காலிஸ் என்ற இனமும் மலேசிய வீடுகளில் ஏராளம்.

மூக்கை உறுத்துவது உண்ணியின் உடம்பைவிட அதன் எச்சம். அந்த எச்சத் துகள் 10 முதல் 40 மைக்ரான் இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஆளுயரத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடும். 2.5 மைக்ரான் துகளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அது நாள்கணக்கில் மிதக்கும்.

ஏர் பியூரிஃபையர் என்பது ஒரு விசிறியும் ஒரு வடிதாளும்தான். தன்னிடம் வந்து சேரும் காற்றில் இருப்பதை மட்டுமே அது பிடிக்கும். மெத்தையில் கிடக்கும் எச்சம் அதனிடம் வருவதில்லை. படுக்கையை உதறும்போது கிளம்பும். பெட்டி இழுப்பதற்குள் கொஞ்சம் மூக்கில் ஏறும், மிச்சம் மறுபடி படுக்கையிலேயே விழும். பல வீடுகளில் பாட்டி காலத்து இலவம்பஞ்சுத் தலையணை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. உறை மட்டும் புதுசு, உள்ளே பஞ்சு பழசு. அதைக் கழித்துவிட்டு, தலையணைக்கும் மெத்தைக்கும் ஜிப் வைத்த நெருக்கமான நெசவு உறை போட்டு, விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் கிடைக்கும் பலனை எந்தப் பெட்டியும் தராது. பச்சைத் தண்ணீர் மட்டும் எடுக்கும் வாஷிங் மெஷின் என்றால், அண்டாவில் வெந்நீர் போட்டு ஊறவைத்துவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும். வெயிலில் போடுவதும் நல்லதே. ஆனால் வெயில் உண்ணியைக் கொல்லும், எச்சத்தைக் கொல்லாது. ஆகையால் வாசலிலேயே தட்டி எடுக்க வேண்டும், அதையும் இழுப்பு இல்லாதவர் செய்ய வேண்டும்.

அப்படியானால் பெட்டி வீணா? இல்லை. பூனை இருக்கும் வீட்டில், அதன் எச்சிலிலிருந்தும் தோலிலிருந்தும் வரும் ஒவ்வாமைப் பொருள் மிக நுண்ணிய துகளில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மிதக்கும். பூஞ்சைக் காளான் வித்தும் ஓரளவு மிதக்கும். புகைமூட்டமோ முழுக்க மிதப்பதுதான். இங்கெல்லாம் பெட்டி நன்றாகவே வேலை செய்யும்.

அதன் உள்ளே இருக்கும் ஹெப்பா வடிதாள் 1940-களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் தூசியைப் பிடிக்க உருவானது. 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும். ‘அப்போ அதைவிடச் சின்னது தப்பிச்சிருமே’ என்று பலர் கேட்பார்கள். தப்பாது. வடிதாள் சல்லடை மாதிரி துளையளவு பார்த்துத் தடுப்பதில்லை. பெரிய துகள் வளைந்து போக முடியாமல் நாரில் மோதும். மிகச் சிறியது காற்று மூலக்கூறுகளால் அலைக்கழிக்கப்பட்டுத் தாறுமாறாகத் திரிந்து எங்காவது ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், பிடிக்கச் சிரமமான அளவு 0.3. அதனால்தான் அந்த அளவைக் கொண்டு தேர்வு வைக்கிறார்கள்.

இனி வீடு. பழைய லயத்து வீட்டில் அறைத் தடுப்பு கூரைவரை போகாது. பலகைச் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே காற்று தாராளமாகப் போய்வரும். வெக்கைக்கு அது நல்ல ஏற்பாடு. அங்கே பெட்டியை ஓட்டுவது தோட்டம் முழுமைக்கும் காற்றைச் சுத்தம் செய்து கொடுக்கும் தர்ம காரியம். ரந்தாவ், லாபு, செண்டாயான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களின் நிலைமை வேறு. அங்கே கூரைக்குக் கீழே சீலிங் உண்டு, கதவு இறுகச் சாத்தும். லயத்திலேயே இருப்பவர்கள் முழு வீட்டையும் நினைக்காமல், நோயாளி படுக்கும் ஓர் அறையின் மேல்திறப்பைப் பலகையோ தடித்த பிளாஸ்டிக் தாளோ கொண்டு அடைத்து, புகைமூட்ட நாள்களில் அந்த அறையில் மட்டும் ஓட்டலாம். புகை விலகியதும் ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். அடைத்த அறையில் ஈரம் தங்கும், ஈரம் உண்ணிக்கு விருந்து.

அந்த அறைக்குள் நாமே புகை போட்டால் பெட்டி என்ன செய்யும்? 2003-இல் வெளியான ஆய்வொன்று சீன, மலேசியக் கொசுவத்திகளை எரித்துப் பார்த்தது. ஒரு சுருள் எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று கணக்கிட்டது. டிங்கி இருக்கும் நாட்டில் கொசுவை விட்டுவிடவும் முடியாது. ஆகையால் ஜன்னலுக்கு வலை, கட்டிலுக்குக் கொசுவலை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை விடச் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். விட வேண்டாம், சாமி மேடையோடு நிறுத்தி, பிள்ளை படுக்கும் அறைக்குள் தூபக்காலைக் கொண்டுபோகாமல் இருந்தால் போதும். கொல்லையில் குப்பை எரிப்பதற்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது.

வாங்குவதென்றால், பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்று சிஏடிஆர் எண் போட்டிருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, ஒன்பது அடி உயரம் என்றால் ஏறக்குறைய 30 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுற்றிவர 150 வேண்டும். ஆனால் அந்த எண் விசிறி முழு வேகத்தில் ஓடும்போது எடுத்தது. இரவில் சத்தம் தாங்காமல் குறைத்துவைப்போம். எனவே 250, 300 உள்ளதாகப் பார்ப்பதே புத்தி. ரப்பர் ஆலை நாற்றத்துக்கு ஹெப்பா உதவாது. வாடை என்பது வாயு, அதற்குக் கனமான கரி வடிகட்டி வேண்டும். காற்றை ‘புத்துணர்ச்சி’ ஆக்கும் என்று ஓசோன் விடும் பெட்டிகளைத் தொடவே வேண்டாம். ஓசோன் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். வீட்டுப் பெட்டிகளின் ஓசோன் அளவுக்குக் கலிஃபோர்னியா சட்டமே போட்டிருக்கிறது.

மின்கட்டணம் பயமுறுத்தாது, செலவு வடிதாளில்தான். பெட்டி மலிவாகவும் வடிதாள் விலையாகவும் இருப்பது இந்த வியாபாரத்தின் வழக்கம். மாற்று வடிதாள் எவ்வளவு, சிரம்பானில் கையோடு கிடைக்குமா, இரண்டு வருடம் கழித்தும் வருமா என்று பணம் கட்டும் முன்னரே கேட்டுவிடுங்கள். முன்னால் இருக்கும் வலையை மட்டும் கழுவலாம். லோரி ஓடும் சாலையோர வீட்டில் வாரம் ஒருமுறை கழுவினால் செந்நீராகவே வடியும். ஹெப்பா தாளில் கழுவலாம் என்று குறிப்பிட்டிருந்தாலொழிய தண்ணீர் படக் கூடாது. மூலையில் நிற்கும் பெட்டியில் விளக்கு எரியும், விசிறி சுற்றும், தூசி மட்டும் நிற்காது.